ஒரு நகரம் பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வை உண்மையிலேயே குறைக்க வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

#1 – நடைபாதை

வணக்கம். ஒரு மாநகராட்சியின் காலநிலைச் செயல்திட்ட வரைவு மக்கள் கருத்துக்காக வெளியாகியிருக்கிறது. ஆலோசனைகளும் ஆட்சேபணைகளும் அனுப்ப ஒரு மாதம் அவகாசம். நாங்கள் சிலர் சேர்ந்து வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். முன்னுரை நன்றாக இருக்கிறது. 2050-க்குள் நிகர பூஜ்யம், அதாவது வெளியிடுவதும் உறிஞ்சுவதும் சமமாகும் நிலை, என்ற இலக்கும் இருக்கிறது. உள்ளே போனால் மரக்கன்று நடுதல், எல்இடி தெருவிளக்கு, அதிகாரிகளுக்கு மின்சாரக் கார், பள்ளிகளில் ஓவியப் போட்டி. நடுவே ஒரு பெரிய மேம்பாலம். "நெரிசலைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும்" என்று சொல்லி அதையும் பசுமைப் பணிகள் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். மத்திய அரசு, மாநில அரசு செய்ய வேண்டியதெல்லாம் தனி. ஒரு நகராட்சி மன்றத்தின் கையில் இருக்கும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு முதல் ஐந்தாண்டில் எதைச் செய்தால் உமிழ்வு கண்ணுக்குத் தெரியும்படி குறையும்? எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்? இந்தத் துறைகளில் வேலை பார்ப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். விவரமாக எழுதுங்கள், எங்கள் மனுவில் சேர்க்கிறோம்.

#2 – கணக்கர்

முதலில் வரைவில் உமிழ்வுக் கணக்கு எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பின்னிணைப்பில் ஒரு வட்ட வரைபடம் மட்டும் இருந்தாலோ, அதுவும் இல்லை என்றாலோ, கையில் இருப்பதைத் திட்டம் என்று சொல்ல முடியாது. அது வேலைகளின் பட்டியல்.

நகரங்களுக்கென்று பொதுவான கணக்கு முறை ஒன்று 2014-இல் வந்தது. சுருக்கமாக ஜிபிசி என்பார்கள். உலக வள நிறுவனமும், நகரங்களின் கூட்டமைப்புகளான சி40, இக்லி இரண்டும் சேர்ந்து உருவாக்கியது. அதில் மூன்று வட்டங்கள் உண்டு. நகர எல்லைக்குள்ளேயே எரிவது முதல் வட்டம்: வாகன எரிபொருள், சமையல் எரிவாயு, கொதிகலன். வெளியே எங்கோ உற்பத்தியாகி நகருக்குள் செலவாகும் மின்சாரம் இரண்டாவது. நகரத்து நடவடிக்கைகளால் எல்லைக்கு வெளியே உண்டாகும் மற்றவை மூன்றாவது. இந்த மூன்றாவதில் ஒரு நல்ல விதி இருக்கிறது. நகரத்துக் குப்பையை எல்லைக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினாலும் அதன் மீத்தேன் அந்த நகரத்தின் கணக்கில்தான் ஏறும். குப்பைமேட்டை எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டுக் கணக்கைச் சுத்தமாகக் காட்ட முடியாது.

மாநகராட்சியின் உமிழ்வும் மாநகரத்தின் உமிழ்வும் வேறு வேறு. அலுவலகக் கட்டிடங்கள், சொந்த வாகனங்கள், தெருவிளக்கு, குடிநீர் பம்பிங் எல்லாம் சேர்ந்தால்கூட நகரத்தின் மொத்தத்தில் சிறு பங்குதான் வரும். நீங்கள் சொன்ன பட்டியலில் எல்இடியும் அதிகாரிகள் காரும் அந்தச் சிறு பங்குக்குள் அடங்கிவிடுகின்றன. மீதிப் பெரும் பங்கு வீடுகளிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் செலவாகும் மின்சாரம், சாலைப் போக்குவரத்து, குப்பை ஆகியவற்றில் இருக்கிறது. எந்த நகரத்துக்கு எது பெரியது என்பதைக் கணக்குதான் சொல்லும். நியூயார்க்கில் மூன்றில் இரண்டு பங்கு கட்டிடங்களிலிருந்து வருகிறது. வேறொரு நகரத்தில் லாரியும் பேருந்தும் முன்னால் நிற்கலாம்.

ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாம் அறிக்கை, 2020-இல் உலகின் கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் உமிழ்வில் 67 முதல் 72 சதவீதம் நகரங்களின் நுகர்வோடு சம்பந்தப்பட்டது என்கிறது. இவ்வளவு பெரிய விஷயத்தைத் தொடும்போது எந்தப் பணி எத்தனை டன் குறைக்கும் என்று எழுதாத வரைவை அப்படியே விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு பணிக்கு நேரேயும் ஒரு டன் எண் கேளுங்கள்.

#3 – தெருவிளக்கு

எல்இடியை ஒதுக்கிப் பேச வேண்டாம், நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன். பழைய சோடியம் விளக்கை மாற்றினால் மின்சாரம் பாதிக்கு மேல் மிச்சமாகிறது. லாஸ் ஏஞ்சலஸ் 2013-க்குள் சுமார் 1,40,000 விளக்குகளை மாற்றியது. கணக்கர் சொல்வதுபோல மொத்தத்தில் சிறு துண்டுதான். ஆனால் மிச்சமாகும் மின்கட்டணத்தை என்ன செய்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பொது நிதியில் கலந்துவிட்டால் அது அத்தோடு போச்சு. தனிக் கணக்கில் போட்டு அடுத்த வேலைக்கு, உதாரணமாகக் குடிநீர் பம்புகளை மாற்ற, எடுத்தால் ஒரு வேலை அடுத்த வேலைக்குப் பணம் தரும். அந்த ஒரு வரியை மனுவில் சேருங்கள்.

#4 – வேப்பமரத்தடி

மரக்கன்று பற்றி என் கருத்து. மரம் நடக்கூடாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால்தான் எல்லாத் திட்டத்திலும் அது முதலில் வந்து நிற்கிறது. ஆனால் கார்பன் கணக்கில் மரம் மிகச் சிறியது. நன்கு வளர்ந்த மரம் ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கார்பன் டை ஆக்சைடு எடுத்துக்கொள்ளும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இனத்தையும் இடத்தையும் பொறுத்துக் கூடும், குறையும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வெளியாகிறது. அப்படியானால் ஒரு முழு மரத்தின் ஓராண்டு உழைப்பு ஒன்பது லிட்டர் பெட்ரோலுக்குள் முடிந்துவிடுகிறது. கன்று அந்த நிலைக்கு வர எத்தனை ஆண்டு, அதுவரை எத்தனை பிழைக்கும் என்பது அடுத்த கேள்வி.

மரத்தை நிழலுக்காக நடுங்கள், அதில் அது மன்னன். கொலம்பியாவின் மெடெயின் நகரம் 2016 முதல் சாலையோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் பசுமைத் தடங்களை அமைத்தது. அந்தப் பகுதிகளில் வெப்பம் சுமார் 2 டிகிரி தணிந்தது என்று நகரமே அறிவித்திருக்கிறது. வெயில் தணிந்தால் நடப்பவர் நடப்பார், பேருந்துக்குக் காத்திருப்பவர் காத்திருப்பார், ஏசி ஓடும் நேரமும் குறையும். அதனால் வரைவில் "இத்தனை லட்சம் கன்றுகள்" என்று இருக்கும் இடத்தில், எந்தெந்த நடைபாதையில், எந்தெந்தப் பேருந்து நிறுத்தத்தில், ஐந்து ஆண்டு கழித்து எத்தனை மரம் உயிரோடு நிற்க வேண்டும் என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். நிற்கும் பெரிய மரத்தைச் சாலை அகலப்படுத்த வெட்டிவிட்டுப் பத்துக் கன்று நடுவதை ஈடு என்று எழுதியிருந்தால் அதைக் கண்டிப்பாக ஆட்சேபியுங்கள்.

#5 – வட்டப்பாதை

மேம்பாலத்தைப் பசுமைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். சாலை அகலமானால் சில மாதம் வேகம் கூடும், அந்த வேகத்தைப் பார்த்துப் புது வாகனங்கள் வரும், பிறகு பழைய நெரிசல் பெரிய அளவில் திரும்பும். ஹூஸ்டனின் கேட்டி நெடுஞ்சாலையைப் பக்கச் சாலைகளோடு சேர்த்து 26 தடம் வரை அகலப்படுத்தி 2008-இல் முடித்தார்கள். சில ஆண்டுகளில் உச்ச நேரப் பயண நேரம் மறுபடி கூடியது.

எது வேலை செய்தது என்றால் ஸ்டாக்ஹோமைத்தான் சொல்வேன். அதை எந்த வரிசையில் செய்தார்கள் என்பது முக்கியம். 2005 ஆகஸ்டிலேயே கூடுதல் பேருந்துகளை ஓட விட்டார்கள். 2006 ஜனவரி முதல் ஜூலை வரை நகர மையத்துக்குள் வரும் வாகனங்களுக்கு நெரிசல் கட்டணம் போட்டு ஒரு பரிசோதனை நடத்தினார்கள். எல்லையைக் கடக்கும் வாகனங்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. பரிசோதனை முடிந்ததும் வாகனங்கள் திரும்பி வந்ததையும் மக்கள் கண்ணால் பார்த்தார்கள். அதன் பிறகு செப்டம்பரில் வாக்கெடுப்பு. தொடங்கும்முன் பெரும்பான்மை எதிர்ப்பு, வாக்கெடுப்பில் சிறு பெரும்பான்மை ஆதரவு. 2007 ஆகஸ்டில் நிரந்தரமானது. முதலில் மாற்று வழி, பிறகு கட்டணம், அனுபவித்துப் பார்த்தபின் மக்கள் தீர்ப்பு. இந்த வரிசையைப் புரட்டினால் திட்டம் கவிழும்.

சிங்கப்பூர் இதை 1975-லேயே தாளில் அச்சிட்ட உரிமச் சீட்டோடு தொடங்கியது, 1998-இல் மின்னணு முறைக்கு மாறியது. லண்டன் 2003. நியூயார்க் 2025 ஜனவரி.

மின்சாரக் கார் பற்றி ஒரு வார்த்தை. மாநகராட்சி கைவைக்க வேண்டியது பேருந்தில். சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவதற்குள் தன் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகள் அத்தனையையும் மின்சாரமாக்கியது. தனி ஆள் வைத்திருக்கும் கார் நாளின் பெரும் பகுதி சும்மா நிற்கும். பேருந்து காலை முதல் இரவு வரை ஓடும். ஒரே மின்கலச் செலவுக்கு எதில் அதிக டீசல் மிச்சமாகும் என்பது சொல்லாமலே தெரியும்.

#6 – எளியவன்

வட்டப்பாதை சொல்வது பெரிய நகரத்துக் கார்க்காரர்களுக்குச் சரி. நெரிசல் கட்டணம் என்று வந்தால் கடைசியில் அடி யாருக்கு? நகர மையத்தில் வீடு வாங்க முடியாமல் ஓரத்துக்குத் தள்ளப்பட்டவனுக்கு. அவன் வேலை மையத்தில், வீடு இரண்டு பேருந்து மாறிப் போகும் இடத்தில். இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது பேருந்தே இல்லை. அவன் பைக்கை எடுத்தால் தண்டனையா? பேருந்தை இலவசமாக்குங்கள், அதை முதலில் எழுதுங்கள்.

#7 – வட்டப்பாதை

எளியவன் தோழரே, கேள்வி நியாயம். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, ஓரப் பகுதிக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்ற இரண்டும் வரைவில் இல்லாமல் கட்டணம் பற்றி ஒரு வரிகூட வரக்கூடாது. அதை நானும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இலவசம் பற்றி மட்டும் மாற்றுக் கருத்து. எஸ்டோனியாவின் தாலின் நகரம் 2013-இல் தன் மக்களுக்குப் பேருந்தையும் டிராமையும் இலவசமாக்கியது. பயணிகள் கூடினார்கள். ஆனால் அவர்களில் கணிசமானவர்கள் முன்பு நடந்து போனவர்கள். காரை விட்டவர்கள் எதிர்பார்த்த அளவு இல்லை. ஏழைகளின் கைச்செலவு குறைந்தது, அதனால் சமூக நலத் திட்டமாக அதை ஆதரிப்பேன். உமிழ்வு குறைய வேண்டுமென்றால் பேருந்து அடிக்கடி வரவேண்டும், தனித் தடத்தில் நெரிசலைத் தாண்டி ஓடவேண்டும். பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974-இல் தனித் தடம் போட்டது அதற்குத்தான். கொலம்பியாவின் பொகோட்டா 2000 டிசம்பரில் அதைப் பெரிய அளவில் செய்தது. சாலையில் ஒரு தடத்தைக் கார்களிடமிருந்து எடுத்துப் பேருந்துக்குக் கொடுப்பதற்குப் பெயிண்டும் தடுப்பும் போதும், துணிச்சல்தான் அதிகம் வேண்டும்.

வியன்னா இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டது. 2012-இல் ஆண்டுச் சீட்டை 365 யூரோவாக்கினார்கள், நாளுக்கு ஒரு யூரோ. சீட்டு வாங்கியவர் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. ஆனால் அந்த நகரத்தில் வாகனம் நிறுத்தக் கட்டணமும் உண்டு, அடர்ந்த ரயில் வலையும் உண்டு. மலிவுச் சீட்டு தனியாக அந்த வேலையைச் செய்யவில்லை.

#8 – எளியவன்

ஓரப் பகுதிக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, கடைசிப் பேருந்து எப்போது. இந்த இரண்டும் மனுவில் முதல் பக்கத்தில் வரட்டும். வீட்டுவசதியையும் சேருங்கள். மையத்தில் சாமானியன் குடியிருக்க இடமில்லாத நகரத்தில் எந்தப் போக்குவரத்துத் திட்டமும் பாதிதான். வியன்னா என்றதும் நினைவுக்கு வரவேண்டியது அதன் நகராட்சிக் குடியிருப்புகள். பாதிக்கு மேற்பட்டவர்கள் நகராட்சி வீட்டிலோ மானிய வீட்டிலோ இருக்கிறார்கள்.

#9 – செங்கல்

எளியவன் தொட்டது பெரிய விஷயம். 1990 நிலவரத்தை வைத்து நகரப் பொருளாதார ஆய்வாளர் ஆலன் பெர்தோ செய்த ஒப்பீடு ஒன்று உண்டு. அட்லாண்டாவிலும் பார்சிலோனாவிலும் ஏறக்குறைய ஒரே அளவு மக்கள். அட்லாண்டா 4,280 சதுர கிலோமீட்டரில் பரவிக் கிடந்தது, பார்சிலோனா 162-இல் அடங்கியது. பரவிக் கிடக்கும் ஊரில் பேருந்து ஓட்டினால் ஆள் சேராது, நடந்து போனால் கடை வராது. வரைபட அனுமதி கொடுக்கும் அதிகாரம் நகராட்சியிடம்தான் இருக்கிறது. அந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது ஐம்பது ஆண்டு உமிழ்வைத் தீர்மானிக்கிறது.

கட்டிடத்துக்கு வருகிறேன். இங்கே நகரங்கள் சட்டமே போட்டிருக்கின்றன. டோக்கியோ 2010 ஏப்ரலில் நகர அளவிலான உமிழ்வு வரம்பு வர்த்தகத்தை உலகில் முதலாவதாகக் கொண்டுவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய கட்டிடங்களுக்கும் ஆலைகளுக்கும் வரம்பு. மீறினால் மிச்சம் வைத்திருப்பவரிடம் வாங்க வேண்டும். நியூயார்க் 2019-இல் உள்ளூர்ச் சட்டம் 97-ஐ நிறைவேற்றியது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டிடங்களுக்கு 2024 முதல் வரம்பு, 2030-இல் அது இறுகும், மீறும் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். பிரஸ்ஸல்ஸ் 2015 முதல் புதுக் கட்டிடங்கள் மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கியாக வேண்டும் என்று விதித்தது.

இதில் எதுவும் முதல் நாளே அபராதத்தோடு தொடங்கவில்லை. முதலில் ஒவ்வொரு பெரிய கட்டிடமும் தன் ஆண்டு மின்செலவை நகரத்திடம் பதிய வேண்டும். சில ஆண்டு அந்த விவரம் சேரட்டும். எந்தக் கட்டிடம் சதுர அடிக்கு எவ்வளவு குடிக்கிறது என்று தெரிந்தபின் வரம்பு போடலாம். உங்கள் வரைவில் இந்தப் பதிவுக் கட்டாயம்கூட இல்லையென்றால் கட்டிட அத்தியாயம் வெறும் தாள்.

சிமெண்டையும் மறக்க வேண்டாம். உலகின் கார்பன் டை ஆக்சைடில் 7, 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதல்ல, சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது கல்லே விடுவது. அதனால் சூளைக்குச் சூரிய மின்சாரம் கொடுத்தாலும் அது போகாது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த எல்சி3 சிமெண்ட் சுமார் 40 சதவீதம் வரை குறைக்கும். நகராட்சி தான் கட்டும் பாலத்துக்கும் பள்ளிக்கும் ஒப்பந்தப்புள்ளியில் இதைக் கேட்கலாம். இடிக்காமல் பழுது பார்த்தால் அதற்கும் மேல்.

#10 – குளிர்காற்று

நான் ஏசி மெக்கானிக். இவ்வளவு பேர் எழுதினீங்க, ஏசிக்குள்ள இருக்குற குளிர் கேஸ் பத்தி யாரும் சொல்லல. அதனால எழுதுறேன்.

வீடு மாத்தும்போது ஏசியக் கழட்டணும்னா முறை என்ன? ஏசிய கூலிங்ல ஓட விட்டு, வெளி யூனிட்ல சின்ன பைப் வால்வை ஆலன் கீ போட்டு மூடணும். கம்ப்ரசர் ஓடிக்கிட்டே இருக்கும், கேஸ் எல்லாம் வெளி யூனிட்டுக்கு வந்து சேரும். கேஜ்ல முள்ளு பூஜ்யத்துக்குக் கிட்ட இறங்கினதும் பெரிய பைப் வால்வை மூடி, ஏசிய ஆஃப் பண்ணணும். பம்ப் டவுன்னு சொல்வோம். சில நிமிஷ வேலை. ஆனா அடுத்த வீட்டுக்கு ஓடணும்னு நிறைய பேர் நேரா ஸ்பேனரைப் போட்டு நட்டைத் தளர்த்திடுவாங்க. "ஸ்ஸ்ஸ்"னு ஒரு சத்தம், பைப் முனை பனி பிடிச்சு வெள்ளையாகும், அவ்வளவுதான், முழு கேஸும் காத்துல. வீட்டுக்காரர் பக்கத்துலயே நிப்பார், அவருக்கு ஒண்ணும் தெரியாது. வாசனை இல்ல, புகை இல்ல.

அந்த கேஸ் ஆர்-410ஏ-ன்னா ஒரு கிலோ, 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்னு கணக்கு. மேல வேப்பமரத்தடி கொடுத்த பெட்ரோல் கணக்கை வெச்சுப் போட்டுப் பாத்தேன், 900 லிட்டர் பெட்ரோல் எரிச்ச மாதிரி. ஆர்-32 அதுல மூணுல ஒரு பங்கு, 675. ஆர்-290, அதாவது புரொப்பேன், கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல, ஆனா தீப்பிடிக்கும், கத்துக்கிட்டவங்கதான் தொடணும்.

கம்ப்ரசர் செத்துப்போன யூனிட்ல பம்ப் டவுன் பண்ண முடியாது. அதுக்கு ரெக்கவரி மெஷினும் தனி சிலிண்டரும் வேணும். தனி ஆளா வேலை பாக்குற மெக்கானிக் எப்படி வாங்குவான்? வாங்கினாலும் புடிச்ச பழைய கேஸை எங்க கொண்டுபோய்க் கொடுப்பான்? நகராட்சி பகுதிக்கு ஒரு இடத்துல மெஷினை வாடகைக்கு வெச்சு, பழைய கேஸைக் காசு கொடுத்து வாங்கினா நாங்க கொண்டுவந்து கொடுப்போம். காசு கிடைக்கும்னா எவனும் காத்துல விடமாட்டான். பழைய இரும்புக் கடைக்குப் போற ஃப்ரிட்ஜ், ஏசிக்கும் இதே ஏற்பாடு வேணும். அங்க பைப்பை வெட்டித்தான் செம்பை எடுப்பாங்க.

#11 – கணக்கர்

குளிர்காற்று தம்பி எழுதியதை எல்லோரும் இன்னொரு முறை படியுங்கள். இந்த வாயு பெரும்பாலான நகரங்களின் கணக்கில் வருவதே இல்லை. ஜிபிசியில் அடிப்படை நிலை, விரிவு நிலை என்று இரண்டு உண்டு. அடிப்படை நிலையில் ஆற்றல், நகருக்குள் போக்குவரத்து, குப்பை மட்டும். குளிர்வாயுக் கசிவு விரிவு நிலையில்தான் சேரும். பெரும்பாலான நகரங்கள் அடிப்படை நிலையோடு நின்றுவிடுகின்றன. கணக்கில் இல்லாதது திட்டத்திலும் இல்லாமல் போகிறது.

நாடுகள் 2016 அக்டோபரில் கிகாலியில் இந்த வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க ஒப்பந்தம் செய்தன. 2019-இல் நடைமுறைக்கு வந்தது. அது புதிய உற்பத்தியைக் கட்டுப்படுத்தும். ஏற்கெனவே சுவரில் தொங்கும் ஏசிக்குள் இருப்பதைப் பிடிப்பதற்குத் தம்பி சொன்ன மாதிரி உள்ளூர் ஏற்பாடுதான் வேண்டும்.

#12 – செங்கல்

குளிரூட்டலில் இன்னொரு வழி, கட்டிடத்துக்குக் கட்டிடம் ஏசி வைக்காமல் குழாயில் குளிர்நீர் கொடுப்பது. டொராண்டோ 2004 முதல் ஒன்டாரியோ ஏரியில் 83 மீட்டர் ஆழத்திலிருந்து 4 டிகிரி நீரை எடுத்து அதன் குளிரை நகர மையக் கட்டிடங்களுக்குக் கொடுக்கிறது. அதே நீர் குடிநீராகவும் போகிறது. ஏரியில்லாத ஊரிலும் பெரிய மையக் குளிர்நிலையம் வைத்துச் செய்யலாம், அடர்த்தியான இடத்தில் மட்டும் கட்டுப்படியாகும். அதற்கு முன்னால் கூரைக்கு வெள்ளை அடிப்பது, ஜன்னலுக்கு வெளியே ஷட்டர், நிழல். மலிவானதை முதலில் முடிக்க வேண்டும்.

#13 – ஈரக்குப்பை

இவ்வளவு நேரம் காத்திருந்தேன். குப்பை.

குப்பைமேட்டில் மண்வெட்டியால் இரண்டடி தோண்டிப் பாருங்கள். மேலே பிளாஸ்டிக் உறைகள், கீழே கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒரு குழம்பு, கை வைத்தால் சுடும். காற்றுப் புகாத இடத்தில் சோறும் காய்கறித் தோலும் அழுகி மீத்தேனாகின்றன. அந்த வாயுவில் சரிபாதி மீத்தேன். கோடையில் தானாகத் தீப்பற்றுவது இதனால்தான். நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 27 மடங்கு சூடேற்றும், இருபது ஆண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கு. ஆனால் காற்றில் சுமார் 12 ஆண்டுகள்தான் தங்கும். இன்று நிறுத்தினால் பலன் நம் வாழ்நாளிலேயே தெரியும். ஐந்தாண்டுத் திட்டம் என்று நடைபாதை கேட்டதற்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில் குப்பையில் பாதிக்கு மேல் உணவும் தழையும்தான் என்று உலக வங்கியின் கணக்கு சொல்கிறது. போதாதற்கு இது முழுக்க நகராட்சியின் அதிகாரத்தில் இருக்கும் வேலை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

எங்கே தவறுகிறது? வீட்டில் பிரிக்கச் சொல்லுவார்கள். வீட்டுக்காரர் பிரிப்பார். வண்டியில் எல்லாம் ஒரே தொட்டியில் விழும். அதை ஒரு முறை பார்த்தவர் மறுபடி பிரிக்க மாட்டார். அதனால் முதலில் வண்டியில் தடுப்பு, பிறகு வீட்டுக்கு அறிவுரை. மிலான் 2012 நவம்பரில் நகரத்தின் ஒரு பகுதியில் தொடங்கி 2014-இல் முழு நகரத்துக்கும் ஈரக்குப்பையைத் தனியாக எடுக்கத் தொடங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் காற்றோட்டத் துளையுள்ள சின்னக் கூடையும் மக்கும் பையும் கொடுத்தார்கள். துளை இருந்ததால் ஈரம் காய்ந்து நாற்றமும் பூச்சியும் குறைந்தன. திட்டம் நிலைத்ததில் அந்தச் சின்னக் கூடைக்குப் பங்கு உண்டு என்று நான் உறுதியாகச் சொல்வேன். தென் கொரியா 2005-இல் உணவுக்கழிவைப் புதைப்பதைத் தடை செய்தது. 2013 முதல் போடும் அளவுக்கு ஏற்பக் கட்டணம். பல குடியிருப்புகளில் உள்ள தொட்டியில் அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும், போட்டதை எடை போடும், மாதக் கட்டணத்தில் சேரும். சமைப்பதையே அளவாகச் சமைக்க வைத்தது அந்தத் தராசு.

பிரித்த ஈரக்குப்பை உரமாகலாம், எரிவாயுவாகலாம். இந்தூரில் 2022 பிப்ரவரியில் தொடங்கிய ஆலை நாளுக்கு 550 டன் ஈரக்குப்பையை எடுத்து வாகன எரிவாயு தருகிறது. இப்படிப்பட்ட ஆலைகள் சாவது பெரும்பாலும் பிளாஸ்டிக் கலப்பால். பம்பில் பை சுற்றிக்கொள்ளும், குப்பை அழுகி வாயுவாகும் செரிகலனில் மிதந்து தகடாகப் படியும். ஆலை வாங்க நிதி ஒதுக்கி, பிரித்தெடுக்க நிதி ஒதுக்காத வரைவு என்றால் அந்த ஆலை ஓராண்டில் துருப்பிடிக்கும்.

எரிஉலைக்கு நான் எதிர். ஈரக்குப்பை எரிய மறுக்கும், எரிவது பிளாஸ்டிக். பிளாஸ்டிக் எரிவதும் எண்ணெய் எரிவதும் ஒன்றுதான். கட்டியபின் அதற்குப் பல பத்தாண்டுகள் தீனி போட்டாக வேண்டும், குப்பையைக் குறைக்கும் ஆர்வமே போய்விடும். உலை வேண்டும் என்பவர் கோபன்ஹேகனைப் பார்க்கட்டும்.

#14 – கூர்நோக்கி

கோபன்ஹேகன் பேச்சு வந்துவிட்டதால் கேட்கிறேன். 2025-க்குள் கார்பன் நடுநிலை என்று உலகத்துக்கே பறைசாற்றிய நகரம் அது. 2022-இல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பணமும் நிர்வாகமும் உள்ள ஊருக்கே இந்தக் கதி என்றால் மற்ற நகரங்கள் இலக்கு எழுதுவதில் என்ன பயன்? எல்லாம் தேர்தல் அறிக்கை மாதிரி.

#15 – கணக்கர்

கூர்நோக்கி, முழு விவரத்தையும் வைத்துப் பேசுவோம். 2005-உடன் ஒப்பிட்டால் அந்த நகரம் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைத்திருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாக் கட்டிடங்களுக்கும் குழாய் வழியே வெப்பம் போகிறது. நிலக்கரியிலிருந்து அந்த ஒரு வலையை விடுவித்தது நகரம் முழுவதையும் விடுவித்தது. கடைசியில் தடுக்கிய இடம் ஈரக்குப்பை சொன்ன அதே எரிஉலை. அதன் புகைபோக்கியில் கார்பனைப் பிடிக்கும் கருவி போடுவோம் என்று இலக்கை அதன் மேல் ஏற்றியிருந்தார்கள். அரசு நிதி கிடைக்கவில்லை. தன் கையில் இல்லாத ஒன்றை நம்பிக் கடைசி டன்களை எழுதியதுதான் அங்கே நடந்தது. அதனால் வரைவில் ஒவ்வொரு பணியின் பக்கத்திலும் இது யார் அதிகாரம், யார் பணம் என்று இரண்டு கட்டம் கேட்க வேண்டும்.

தேர்தல் அறிக்கையிலிருந்து வேறுபடுத்துவதற்கு ஆஸ்லோ ஒரு வழி காட்டியிருக்கிறது. 2017 வரவுசெலவுத் திட்டத்திலிருந்து காலநிலை வரவுசெலவு என்று ஒன்றை அதோடு சேர்த்தே தாக்கல் செய்கிறார்கள். அந்த ஆண்டுக்கு இத்தனை டன்தான் என்று உச்சவரம்பு, எந்தத் துறை எத்தனை குறைக்க வேண்டும் என்ற பங்கீடு. பொறுப்பு நிதித் துறையிடம். சுற்றுச்சூழல் பிரிவு என்ற ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேரிடம் அதைத் தள்ளிவிடவில்லை. சாலைப் பிரிவு பணம் கேட்டு வரும்போதே உன் டன் எங்கே என்று நிதிப் பிரிவு கேட்கும். 2050 என்று எழுதினால் யாருக்கும் பயமில்லை, அப்போது இப்போதைய மேயரும் ஆணையரும் இருக்கப் போவதில்லை. அடுத்த மார்ச்சுக்குள் என்று எழுதினால் பதில் சொல்ல ஆள் இருப்பார்.

#16 – கூர்நோக்கி

மின்சாரம்? பெரும்பங்கில் மின்சாரமும் உண்டு என்று நீங்களே சொன்னீர்கள். அனல்மின் நிலையம் நகராட்சிக்குச் சொந்தமில்லையே.

#17 – காற்றாலை

இதற்கு நான் சொல்கிறேன். நிலையம் சொந்தமாக உள்ள நகரங்கள் உண்டு. ஹெல்சிங்கியின் மின் நிறுவனம் நகரத்துடையது. 2023 ஏப்ரலில் ஒரு நிலக்கரி நிலையத்தை மூடியது, 2025-இல் கடைசியையும் மூடியது. கழிவுநீரின் சூட்டைக்கூட வெப்ப பம்பால் எடுத்து வீடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

சொந்தமில்லாத நகரத்துக்கு மெல்பர்ன் வழி. நகராட்சி, பல்கலைக்கழகங்கள், வங்கி என்று 14 அமைப்புகள் சேர்ந்து, நாங்கள் எல்லோரும் பல ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்குகிறோம் என்று ஒரே ஒப்பந்தம் போட்டார்கள். அந்த வாக்குறுதியை வைத்துத்தான் ஒரு புதுக் காற்றாலைப் பண்ணை எழுந்தது. 2019 முதல் நகராட்சியின் சொந்தத் தேவை முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம். குடிநீர் வாரியம், மருத்துவமனைகள், மெட்ரோ ரயில் எல்லாம் பெரிய வாடிக்கையாளர்கள். தனித்தனியாகப் போனால் யாரும் மதிக்க மாட்டார்கள், சேர்ந்து போனால் விலை பேசலாம். ஏற்கெனவே ஓடும் ஆலையின் பசுமை மின்சாரச் சான்றிதழை மட்டும் வாங்கிக் காட்டுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். புது ஆலை எழ வேண்டும் என்பது நிபந்தனையாக இருக்கட்டும்.

#18 – நடைபாதை

எல்லோருக்கும் நன்றி. எழுதிவைத்தது இது, சரிபாருங்கள்:

உமிழ்வுக் கணக்கை ஜிபிசி விரிவு நிலையில் வெளியிட வேண்டும், குளிர்வாயு உட்பட. ஒவ்வொரு பணிக்கும் டன், தொகை, பொறுப்பு அலுவலர், இது யார் அதிகாரம் என்ற விவரம். ஆண்டு வரவுசெலவோடு காலநிலை வரவுசெலவும் மன்றத்தில் வைக்கப்பட வேண்டும். குப்பை முதல் முன்னுரிமை: வண்டியில் தடுப்பு, வீட்டுக்குக் கூடை, பிறகுதான் ஆலை. எரிஉலை கூடாது. போக்குவரத்தில் முதலில் ஓரப் பகுதிப் பேருந்தின் இடைவெளியும் கடைசிப் பேருந்து நேரமும், பேருந்துத் தனித்தடம், அதன்பிறகு பரிசோதனையாக நெரிசல் கட்டணம். மேம்பாலத்தைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். பெரிய கட்டிடங்கள் ஆண்டு மின்செலவைப் பதிவு செய்ய வேண்டும். பகுதிக்கு ஒரு கேஸ் மீட்பு மையம். கூட்டு மின் கொள்முதல். மரங்கள் நிழலுக்காக, உயிரோடு நிற்கும் எண்ணிக்கையில். எல்இடி மிச்சம் தனிக் கணக்கில்.

#19 – எளியவன்

குப்பை வண்டியில் வேலை செய்பவர்கள், மேட்டில் பொறுக்கிப் பிழைப்பவர்கள் பெயரே இல்லையே. பிரிக்கும் முறை மாறினால் முதலில் வேலை போவது அவர்களுக்கு. பிரித்தெடுக்கும் மையங்களில் அவர்களுக்கே சம்பள வேலை என்று எழுதுங்கள்.

#20 – ஈரக்குப்பை

எளியவன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். எந்தப் பிளாஸ்டிக் விற்கும், எது விற்காது என்று அவர்களைவிடத் தெரிந்த அலுவலர் யாரும் கிடையாது. இன்னொன்று, பழைய மேட்டைப் பற்றி மனுவில் எதுவும் இல்லை. புதுக் குப்பையை நிறுத்தினாலும் உள்ளே இருப்பது பல ஆண்டு வாயு விடும். மண் மூடி, குழாய் இறக்கி, வாயுவை எடுத்து எரிக்கவாவது வேண்டும்.

#21 – குளிர்காற்று

மீட்பு மையத்துல பயிற்சியும் சேத்துக் கேளுங்க. ஆர்-290 வரப்போகுது, தெரியாதவன் தொட்டா உயிர் போயிடும்.

#22 – கணக்கர்

நடைபாதை, மூன்றையும் சேர்த்துவிடுங்கள். கணக்கு பற்றிய முதல் வரியில் ஒரு சிறு மாற்றம். "வெளியிட வேண்டும்" என்று மட்டும் விட்டால் வட்ட வரைபடத்தைத்தான் மறுபடி வெளியிடுவார்கள். எந்த ஆண்டை அடிப்படையாக வைத்தார்கள், மின்சார விவரம் எங்கிருந்து வந்தது, குப்பையின் எடையை எடைமேடையில் போட்டார்களா அல்லது வண்டி எண்ணிக்கையை வைத்து ஊகித்தார்களா என்ற மூலத் தரவோடு, அட்டவணையாக, ஆண்டுதோறும் ஜூன் மாதத்துக்குள் என்று எழுதுங்கள்.